மின்னல் படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்றும் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலரில் வாசகர்கள் அனுப்பிய மின்னல் படங்களை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். நான் இணையத்தில் படிக்கிறவள். இருப்பது கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். படங்கள் எல்லாமே கண்ணைப் பறித்தன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு படத்தின் ஓரத்தில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. அப்படியென்றால் இடி இடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் அந்த மாடியில் கேமராவோடு நின்றிருக்கிறார். முதல் பரிசும் அந்தப் படத்துக்குத்தான். அதைப் பார்த்ததிலிருந்து உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். இனி இடி மின்னல் படங்களைப் போடும்போது, எடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் எங்கே இருந்து எடுத்தார் என்றும் ஒரு வரி போடுங்கள். மாடியிலோ வெட்டவெளியிலோ நின்று எடுத்தது என்றால், எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் போடாதீர்கள், பரிசும் கொடுக்காதீர்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்று புரிய வேண்டுமென்றால், நான் இருக்கும் பகுதியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள இந்தப் பே ஏரியாவுக்கு இடி மின்னல் பழக்கமே கிடையாது. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் ஒரு மாலைப் பொழுதில் வெட்டுகிற மின்னலை இங்கே வருடம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. காரணம் கடல்தான். பக்கத்தில் இருக்கிற பசிபிக் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும், கரையோரத் தண்ணீர் 12, 15 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று என்று அடுக்கிவைத்துவிட்டால் மேகம் எழும்பாது, மூடுபனியாகத் தரையோடு படுத்துக்கொள்ளும். இடிமேகம் பிறக்க வேண்டுமென்றால் இதற்கு நேர்மாறாகக் கீழே சூடும் ஈரமும், மேலே குளிரும் வேண்டும். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை இங்கே மழையே பெரும்பாலும் இருக்காது. குழந்தைகள் இடிச் சத்தம் என்றால் வீடியோவில் கேட்டதுதான் என்று வளர்கிறார்கள்.

2020 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. அந்த வாரம் முழுக்க வெயில் கொளுத்தியது. வெள்ளியும் சனியும் மாநிலத்தில் மின்சாரம் போதாமல் பகுதி பகுதியாக மின்வெட்டு செய்தார்கள், அப்படி நடந்தது 2001க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதே ஞாயிறு மதியம் கலிபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்தில் 54.4 டிகிரி செல்சியஸ் பதிவானது. இந்த வெப்பத்தின் மேல், மெக்சிகோ கரைக்கு அப்பால் இருந்த ஃபௌஸ்டோ புயலின் ஈரம் வடக்கே ஏறி வந்து சேர்ந்தது. கொரோனாக் காலம் வேறு, யாரும் ஊருக்குப் போக முடியாத நிலை. இருட்டில் திடீரென்று வீடு அதிரும்படி இடி. சன்னல் கண்ணாடி கிணுகிணுவென்று ஆடியது. எழுந்து பார்த்தால் கிழக்கு மலைகளுக்கு மேலே வானம் விட்டுவிட்டு வெள்ளையாகிறது. கொடி மின்னல், கிளை பிரிந்து பிரிந்து மலை முகட்டில் இறங்குகிறது. ஊரை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு மின்னலை நான் பார்த்ததே இல்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆச்சி இருந்திருந்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் திண்ணையிலிருந்து உள்ளே இழுத்திருப்பாள்.

எங்கள் குடியிருப்புத் தமிழர் வாட்ஸ்ஆப் குழுவில் அந்த நேரத்துக்கே படங்கள் வரத் தொடங்கின. ஒருவர் பால்கனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் மலை அடிவாரத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், இன்னும் சிலர் பக்கத்துக் கட்டிடத்தின் கார் நிறுத்தும் மேல்தளத்தில். அந்தத் தளம் என் சன்னலிலிருந்து நன்றாகவே தெரியும். அங்கே ஐந்தாறு பேர், டிரைபாடை விரித்து வைத்துக்கொண்டு, சுற்றிலும் அவர்களைவிட உயரமாக ஒரு விளக்குக் கம்பம் மட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கைதட்டிச் சத்தம் போட்டார்கள். ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு கையால் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மழை பேருக்குத்தான் விழுந்தது, அதனால் உள்ளே போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். இடி விழுந்து தலை கருகிய தென்னையையும் பனையையும் பார்த்து வளர்ந்தவர்கள், ஆடு மாடு செத்ததைக் கேட்டவர்கள். அபூர்வமாக ஒன்று வந்துவிட்டால் பழைய புத்தியெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. அன்று அந்தத் தளத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இடி விழவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

மழை பெய்யாததால் ஆபத்து இல்லை என்று நினைப்பதுதான் இதில் மிகப் பெரிய தப்பு. அன்று வந்தது வறண்ட இடிமழை. மேகத்தின் அடிவயிறே தரையிலிருந்து மிக உயரத்தில் இருக்கும். அதிலிருந்து விழுகிற மழை கீழே உள்ள வறண்ட காற்றிலேயே ஆவியாகிப் போகும். ஆனால் மின்னல் ஆவியாகாது, அது நேரே தரைக்கு வந்துவிடும். மழை பெய்கிற இடத்திலிருந்து 10 மைல், அதாவது சுமார் 16 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழ முடியும். தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறதே என்று நிற்கிறவர் மேலும் விழலாம். இடிச் சத்தம் உங்கள் காதில் விழுகிறது என்றாலே நீங்கள் மின்னல் எட்டுகிற தூரத்தில் இருக்கிறீர்கள். அமெரிக்க வானிலைத் துறை பள்ளிப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக்கொடுக்கிறது: இடி கேட்டால் உள்ளே போ, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வராதே.

மறுநாள் காலையில் பே பாலத்துக்கு மேல் மின்னல் கிளைவிடும் படங்கள் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன. எங்கள் குழுவிலும் அதே பேச்சுதான், யாருடைய படம் சூப்பர், எந்த போனில் எடுத்தது, என்ன செட்டிங் என்று. அந்த நேரத்தில் அந்த மின்னல்கள் விழுந்த இடங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது.

72 மணி நேரத்தில் கலிபோர்னியாவில் கிட்டத்தட்ட 11,000 மின்னல்கள் தரையைத் தொட்டன. 350க்கும் மேற்பட்ட இடங்களில் தீப்பிடித்தது. ஒரு மரத்தை மின்னல் தாக்கினால் அந்த நிமிடமே காடு பற்றிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. மரத்தின் உள்ளேயும் வேரடிச் சருகிலும் கங்கு நாள்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கும். அப்புறம் ஒரு நாள் காற்று மாறும்போது கிளம்பும். சான்டா குரூஸ் மலையில் அப்படித்தான் ஆனது. 16ஆம் தேதி விழுந்த மின்னலில் ஆங்காங்கே சின்னச் சின்னத் தீயாக இருந்தது, 18ஆம் தேதி காற்றில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இரவில் மலையை ஏறி இறங்கியது. 1902இல் தொடங்கிய பிக் பேசின் பூங்கா, கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா, கிட்டத்தட்ட முழுவதும் எரிந்தது. வாரக் கடைசியில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வானுயர நிற்கிற ரெட்வுட் மரங்களைக் காட்டுவோமே, அந்தப் பூங்காதான். அந்த மலைத்தீயில் வீடுகளும் மற்றக் கட்டிடங்களுமாக 1,490 அழிந்தன. ரெட்வுட் மரங்களில் பெரும்பாலானவை உயிரோடு தப்பி, கருகிய தண்டிலிருந்தே பச்சையாகத் துளிர்த்தன. பூங்கா மறுபடி ஓரளவு திறந்தது 2022 ஜூலையில்தான்.

எங்கள் கிழக்கு மலைப்பக்கம், நான் அன்று பார்த்துக்கொண்டிருந்த அதே மலைத்தொடரில், கிட்டத்தட்ட 4 லட்சம் ஏக்கர் எரிந்தது. ஹாமில்டன் மலை உச்சியில் 1888லிருந்து இருக்கிற லிக் வானாய்வகத்தைத் தீ சூழ்ந்துவிட்டது, தீயணைப்பு வீரர்கள் உச்சியிலேயே நின்று கோபுரங்களைக் காப்பாற்றினார்கள், ஆளில்லாத ஒரு வீடு மட்டும் போனது. வடக்கே மெண்டசினோ காட்டுப் பக்கம் அதே மின்னல்களில் பிடித்த தீக்கள் ஒன்றுசேர்ந்து 10 லட்சம் ஏக்கரைத் தாண்டின. கலிபோர்னியாவில் பதிவான காட்டுத்தீக்களிலேயே பெரியது அதுதான். வாரக்கணக்கில் சன்னலைத் திறக்க முடியவில்லை. காலையில் கார் கண்ணாடியில் சாம்பல் படிந்திருக்கும், விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும், துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தால் மாலையில் மறுபடி படிந்திருக்கும். செப்டம்பர் 9ஆம் தேதி பகலே வரவில்லை, வானம் ஆரஞ்சு நிறத்தில் நின்றுவிட்டது, மத்தியானம் விளக்குப் போட்டுக்கொண்டு சமைத்தோம். அந்த ஆரஞ்சு வானத்தையும் எல்லோரும் படம் எடுத்தார்கள்தான். ஆனால் அன்று யாரும் கைதட்டவில்லை.

படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்று நானும் எடுத்தேன், எனக்கு அது உயிர். சன்னலை மூடி, போனை ஒரு ஸ்டாண்டில் கண்ணாடியைப் பார்க்க வைத்து, வீடியோவை ஓடவிட்டுவிட்டு, அறையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். சார்ஜரை மாட்டவில்லை. போன் மின்னலை இழுக்கும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை. நீங்கள் நிற்கிற இடம்தான் இழுக்கும், அதாவது உயரமும் வெட்டவெளியும். ஆனால் சுவரோடு மாட்டிய சார்ஜர் வயர் வழியாக மின்சாரம் வரலாம், குழாய்த் தண்ணீர் வழியாகவும் வரலாம். அதனால் அந்த நேரத்தில் குளிப்பது, பாத்திரம் கழுவுவது கூடாது. கார் பரவாயில்லை. அதற்குக் காரணம் டயர் ரப்பர் என்று சொல்வார்கள், உண்மையில் கூரையோடு இருக்கிற உலோக உடம்புதான் மின்னலைச் சுற்றிக் கடத்தித் தரைக்கு விடுகிறது. பைக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, ஆட்டோவையும் நம்ப முடியாது.

உள்ளே இருந்து எடுத்தால் படம் நன்றாக வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது வெறும் பேச்சு. அன்று எடுத்ததை அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தேன். போன் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிக்கிறது, மின்னல் அந்தப் பதிவு பாதியில் இருக்கும்போது வந்து போய்விடும். அதனால் சில ஃப்ரேம்களில் மேல்பாதி இருட்டு, கீழ்ப்பாதி பட்டப்பகல், நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. இதைப் பார்த்துப் போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரே மின்னல் நான்கைந்து ஃப்ரேம்களில் மங்கி மங்கி மறுபடி எரிவதும் தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற மின்னல் உண்மையில் ஒரே பாதையில் மூன்று நான்கு முறை இறங்குகிறது, நாம் துடிப்பு என்று பார்ப்பது அதைத்தான். வீடியோவில் சத்தமும் சேர்ந்தே பதிவாவதால் தூரமும் கிடைக்கும். பளிச்சென்ற ஃப்ரேமிலிருந்து இடிச் சத்தம் வரும்வரை எத்தனை நொடி என்று பார்த்து மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 12 நொடி என்றால் 4 கிலோமீட்டர். பெரிய கேமரா வைத்திருக்கிறவர்கள் ஃபோகஸை முடிவிலியில் பூட்டி, ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்வு அளவை 100க்குக் குறைத்து, ஷட்டரை 15, 20 நொடி திறந்துவைத்து, தொடர்ந்து எடுக்கும்படி விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல வைத்தால் பிரதிபலிப்பும் விழாது. பட்டனை அழுத்த ஆள் பக்கத்தில் நிற்க வேண்டிய காலமெல்லாம் மலையேறிவிட்டது.

இப்படி எடுத்த வீடியோவில் நேரமும் எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்பதும் குறித்து வைத்திருந்தால் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. எந்த முகட்டில் மின்னல் இறங்கியதோ அங்கே அடுத்த சில நாட்கள் ஒரு கண் வைக்கலாம், புகை தெரிந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லலாம். இங்கே மலையுச்சிகளில் இதற்கென்றே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்களை சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நடத்துகிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மழையிலும் இருட்டிலும் அவை நின்றுகொண்டு எடுக்கின்றன, மனிதர் யாரும் அங்கே போய் நிற்பதில்லை.

அபூர்வமானது என்று நினைத்தவை இப்போது இன்னும் பெரிதாகவும் வருகின்றன. 2024 டிசம்பர் 14 அதிகாலையில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கே முதன்முறையாகச் சூறாவளிச் சுழல் எச்சரிக்கை வந்தது, எல்லோருடைய போனும் அலறியது. அன்று மத்தியானம் ஸ்காட்ஸ் வேலி என்ற சின்ன ஊரில் உண்மையாகவே சுழல் இறங்கிக் கார்களைப் புரட்டிப் போட்டது, சிலருக்குக் காயம். அதையும் காருக்குள் உட்கார்ந்து படம் எடுத்த வீடியோக்கள் சுற்றின. பார்த்துப் பழக்கமில்லாத ஊரில் முதலில் கை போவது போனுக்குத்தான். அதை யாராலும் நிறுத்த முடியாது, நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் எங்கே நின்று எடுப்பது என்பதை மாற்ற முடியும், அதற்குப் பத்திரிகைகளால் உதவ முடியும்.

இங்கே நடந்ததைப் பெரிதாகச் சொல்கிறாளே, நம் நாட்டு நிலைமை தெரியாதா என்று நினைக்காதீர்கள். 2021 ஜூலை 11 மாலை ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு எதிரே மலைமேல் உள்ள கண்காணிப்புக் கோபுரத்தில் மழையை ரசிக்க ஏறியிருந்தவர்கள் மேல் மின்னல் விழுந்து 11 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் சிலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 2,800க்கு மேற்பட்டவர்கள் மின்னலில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கா முழுக்கவே இப்போது ஆண்டுக்கு சுமார் 20 பேர்தான். வயலில் வேலை செய்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் நம் நாட்டில் அதிகம், அவர்களுக்கு ஒதுங்க இடமில்லை, அந்தப் பிரச்சினை வேறு, அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் வீடு இருந்தும் மாடிக்கு ஏறிப் போகிறவர்களை நாம் தடுக்கலாம். பரிசு கொடுத்தால் இன்னும் நான்கு பேர் ஏறுவார்கள்.

என் தம்பி மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், பாளையங்கோட்டையில். போன ஐப்பசியில் எனக்கு ஒரு மின்னல் வீடியோ அனுப்பி "அத்தை, எப்படி இருக்கு?" என்று கேட்டான். நல்ல படம்தான். எங்கே இருந்துடா எடுத்தாய் என்று கேட்டேன், மாடியில் என்றான். திட்டவில்லை. போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வது எப்படி என்று வீடியோ காலில் காட்டினேன். அடுத்த மழைக்கு மாடிப்படி சன்னலுக்குள் வைத்து எடுத்து அனுப்பினான், முன்பு எடுத்ததைவிட அது தெளிவாகவே இருந்தது, ஏனென்றால் கை ஆடவில்லை. கையில் பிடித்து நின்றிருந்தால் இப்படி வந்திருக்காது என்று அவனே சொன்னான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, படம் கேட்டு அறிவிப்புப் போடும்போதே மூடிய சன்னலுக்குள் இருந்தோ கூரையுள்ள காருக்குள் இருந்தோ எடுத்த படங்கள் மட்டுமே ஏற்கப்படும் என்று சேர்த்துவிடுங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, பக்கத்தில் மின்னல் விழுந்தால் போனில் எச்சரிக்கிறது, கட்டணம் இல்லை. அதையும் அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் பலருக்கும் உதவும். கேமராவை வைத்துவிட்டு எடுக்கும் முறையைச் சிறுவர் பக்கத்தில் விளக்க வேண்டுமென்றால், நான் எழுதித் தரத் தயாராக இருக்கிறேன், என் வீடியோவிலிருந்து அந்தப் பாதி வெளிச்ச ஃப்ரேம்களையும் அனுப்பிவைக்கிறேன். பங்குனிக்குள் வந்தால் நல்லது, கோடை மழைக்கு முன்னால் பிள்ளைகள் படித்திருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா